உப்புக்காற்றில் ஓடும் டீசல் காருக்குக் கூடுதல் குதிரைத்திறன்: பாக்ஸா, ரீமேப்பா, மீட்பா?

மதுரையிலிருந்து வரும்போது பரமக்குடி தாண்டியதும் நான்குவழிச் சாலை முடிந்துவிடும். அதுவரை தடையில்லாமல் வந்த கார், அங்கிருந்து ராமநாதபுரம் வரை ஏதாவது ஒரு லாரியின் பின்னால்தான் வந்தாக வேண்டும். போன ஆடி மாதம் விமான நிலையத்திலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்தேன். காரில் ஐந்து பேர், டிக்கி நிறையப் பெட்டி, ஏசி முழு வேகத்தில். சத்திரக்குடிக்கு முன்னால் ஒரு கன்டெய்னரைத் தாண்டலாம் என்று மூன்றாவது கியரில் அழுத்தினேன். வண்டி இழுக்கவில்லை. எதிரில் பேருந்து வந்துகொண்டிருந்தது. பிரேக்கை மிதித்து மறுபடியும் லாரியின் வால் பக்கமே வந்து ஒட்டிக்கொண்டேன். பின்சீட்டில் அம்மா ஒன்றும் சொல்லவில்லை, முன்சீட்டின் முதுகைப் பிடித்த கையை மட்டும் வீடு வரும்வரை எடுக்கவில்லை.

அன்றிலிருந்துதான் இந்த விசாரணை. எஞ்சினின் திறனைக் கூட்டிக்கொள்ள என்னென்ன வழி இருக்கிறது, எதற்கு எவ்வளவு ஆகும், இந்தக் கடற்கரைக் காற்றுக்கு எது தாங்கும் என்று மூன்று மாதம் அலைந்தேன். மைத்துனனும் சேர்ந்துகொண்டான். அவன் தொண்டியில் இறால் வியாபாரம் பார்க்கிறான், வாரத்தில் நாலு நாள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தூத்துக்குடி வரை போய் வருகிறான். என்னிடம் இருப்பது 2016 ஃபோர்டு ஈக்கோஸ்போர்ட் 1.5 டீசல், 100 பி.எஸ். (குதிரைத்திறன்). அவனிடம் இருப்பது 2017 வென்டோ 1.5 டீசல், 110 பி.எஸ். இரண்டுக்கும் உத்தரவாதக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. இரண்டு பேருக்கும் ஒரே கேள்வி. ஆனால் கடைசியில் ஒரே பதில் வரவில்லை.

எதற்காக இந்தத் திறன்?

இந்த ராமநாதபுரம் மாவட்டத்தில் ஏறுவதற்கு மலை கிடையாது. சாயல்குடியிலிருந்து எஸ்.பி. பட்டினம் வரை தரை தட்டையாகத்தான் கிடக்கிறது. ஏற்றம் என்று சொன்னால், படகுகள் அடியில் போவதற்காக நடுவில் உயர்த்திக் கட்டிய பாம்பன் சாலைப் பாலம் ஒன்றுதான். 1988-இல் திறந்த அந்தப் பாலத்தில் வேகமாகப் போகவும் ஆசைப்படக் கூடாது, பக்கக் காற்று காரைத் தள்ளும். ஆகவே நமக்குக் கூடுதல் திறன் தேவைப்படுவது ஒரே ஒரு வேலைக்கு: இருவழிச் சாலையில், ஆள் நிறைந்த வண்டியோடு, லாரியைத் தாண்டுவதற்கு. இருபுறமும் சீமைக்கருவேலம் சாலைவரை வளைந்து நிற்கும், அதற்குள்ளிருந்து ஆடு எப்போது வரும் என்று சொல்ல முடியாது. எதிர்த்தடத்தில் எத்தனை வினாடி இருக்கிறோம் என்பதுதான் இங்கே கணக்கு.

அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ஆட்களோடு சேர்த்து 1,650 கிலோ எடையுள்ள ஒரு காரை 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 90-க்குக் கொண்டுபோக, 100 பி.எஸ். எஞ்சினுக்கு ஏழு வினாடிக்குச் சற்றுக் குறைவாக ஆகிறது. திறனை 20 சதவீதம் கூட்டினால் ஐந்தரை வினாடி. மிச்சம் ஒன்றேகால் வினாடிக்குக் கொஞ்சம் மேலே. கேட்பதற்குச் சின்னதாக இருக்கும். அந்த நேரத்தில் நம் கார் 25 மீட்டருக்கு மேல் போகும், எதிரே வரும் பேருந்தும் அதே அளவு வரும். ஐம்பது மீட்டருக்கு மேல் கூடுதல் இடைவெளி. அது உயிருக்கான இடைவெளி என்பதால்தான் இதைப் பணத்தை வீணடிக்கும் ஆசை என்று நான் ஒதுக்கவில்லை.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பரமக்குடி–ராமநாதபுரம் இடையிலான 46.7 கிலோமீட்டரை நான்குவழியாக்க 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்துவிட்டது. அந்த வேலை முடிந்தால் என் தேவையில் முக்கால்வாசி தானாகவே தீர்ந்துவிடும். மைத்துனனுக்கு அப்படி இல்லை. அவன் ஓடுவது கடற்கரைச் சாலையில்.

முதல் வழி: இழந்ததை மீட்பது

விசாரித்த ஐந்து பேரில் ஒருவர் மட்டும்தான் "உங்க வண்டி இப்ப எவ்வளவு திறன் குடுக்குதுன்னு தெரியுமா?" என்று கேட்டார். பட்டணம்காத்தான் பக்கம் சின்னதாகப் பட்டறை வைத்திருக்கிற பாய் அவர். எஞ்சின் கம்ப்யூட்டரின் சாஃப்ட்வேரை மாற்றித் திறனைக் கூட்டும் ரீமேப் பற்றி நான் பேச ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"தம்பி, கம்பெனி குடுத்த நூறு இப்ப இருக்கான்னு பாப்போம். அப்புறம் நூத்தியிருபதப் பத்திப் பேசலாம்."

ஸ்கேனரை மாட்டி என்னை ஓட்டச் சொல்லிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு எண்களை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தார். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவிடம் எஞ்சின் கம்ப்யூட்டர் கேட்கும் அழுத்தம் ஒன்று, உண்மையில் கிடைக்கும் அழுத்தம் இன்னொன்று. மெதுவாகப் போகும்போது இரண்டும் ஒட்டியே நின்றன. மூன்றாவது கியரில் முழுக்க அழுத்தியதும் கேட்டது மேலே போயிற்று, கிடைத்தது பாதி வழியில் நின்றுவிட்டது.

பட்டறைக்குத் திரும்பியதும் காற்று உள்ளே போகும் வாயை அடைத்து, கம்ப்ரஸரிலிருந்து மெல்லக் காற்றை ஏற்றி, குழாய்கள் மேல் சோப்புத் தண்ணீரைத் தெளித்தார். டர்போவிலிருந்து, அந்தக் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸின் அடிப்பக்கம், க்ளாம்ப்புக்கு ஒட்டினாற்போல் நுரை பொங்கியது. கையை விட்டுத் தடவினேன். நகக்கண் அளவுக்கு ஒரு கீறல். சுற்றிலும் எண்ணெய் கசிந்து, அதன் மேல் தனுஷ்கோடி மணல் மாவு மாதிரி ஒட்டியிருந்தது. அழுத்தம் ஏறினால் மட்டும் வாயைத் திறக்கும், சும்மா நிற்கும்போது மூடிக்கொள்ளும் கீறல். அதனால்தான் சர்வீஸுக்கு விட்ட இடத்தில் யாருக்கும் தெரியவில்லை.

அத்தோடு முடியவில்லை. இன்டர்கூலரின் அலுமினியத் தகடுகளில் வெள்ளைப்பொடி பூத்திருந்தது, விரலால் தொட்டால் சில இடத்தில் உதிர்ந்தது. உப்பு தின்ற அலுமினியம் அப்படித்தான் இருக்கும். ஏர் ஃபில்டரைத் தட்டினால் மணல் கொட்டியது. புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் இ.ஜி.ஆர். வால்வில் கரி அப்பியிருந்தது. எஞ்சினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் வயரின் முனை பச்சை பிடித்திருந்தது. அது சரியில்லை என்றால் சென்சார்கள் சொல்லும் அளவே தப்பாகப் போகும்.

இங்கே ஓடும் காருக்கும் மதுரையில் ஓடும் காருக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். தென்கடல், வடகடல் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறோம். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் ஒரு பக்கத்திலிருந்தும் வாடை அடிக்கும் மாதங்களில் மறு பக்கத்திலிருந்தும் உப்பு வருகிறது, மணல் இரண்டு காலத்திலும் வருகிறது. கம்பெனி கையேட்டில் எழுதிய ஏர் ஃபில்டர் கணக்கு நமக்கு ஒத்துவராது. நான் இப்போது 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை திறந்து பார்க்கிறேன், தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனைக்குப் போய்வந்தால் மறுநாளே பார்க்கிறேன்.

ஹோஸ், க்ளாம்ப், ஃபில்டர், இ.ஜி.ஆர். சுத்தம், எர்த் வயர், கூலி எல்லாம் சேர்த்துப் பத்தாயிரத்துக்குள் முடிந்தது. இன்டர்கூலரை மாற்றவில்லை, அழுத்தமில்லாத தண்ணீரில் கழுவித் திருப்பி மாட்டினார். விடிகாலையில் ஆளில்லாத சாலையில் அறுபதிலிருந்து தொண்ணூறு ஓட்டிப் பார்த்தேன். முன்னால் ஒன்பது வினாடிக்குப் பக்கத்தில் எடுத்த வண்டி, இப்போது ஏழில் முடித்தது. நல்ல நிலையில் இருக்கும் காரை ரீமேப் செய்தால் கிடைப்பதைவிட அதிகமான நேரம், எதையும் கூட்டாமலே திரும்பக் கிடைத்துவிட்டது.

இந்த வேலையைச் செய்யாமல் நேராக டியூனிங்குக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பாயிடம் கேட்டேன். கீறல் வழியாகக் காற்று வெளியே போக, உள்ளே டீசல் மட்டும் கூடியிருக்கும். கரும்புகை தள்ளும், வெளிப்போகும் புகையின் சூடு ஏறும், இல்லாத அழுத்தத்தைக் கொடுக்க டர்போ அளவுக்கு மீறிச் சுற்றும். நோயாளியை ஓட்டப் பந்தயத்தில் விட்ட மாதிரி என்றார்.

டியூனிங் பாக்ஸ்

கூரியரில் வரும், அரை மணி நேரத்தில் மாட்டிவிடலாம், வேண்டாம் என்றால் கழற்றிவிடலாம். இதுதான் இதன் கவர்ச்சி. விலை 15,000-லிருந்து 30,000 வரை சொன்னார்கள்.

வேலை செய்யும் விதம் தெரிந்தால் முடிவெடுப்பது எளிது. இப்போதைய டீசல் எஞ்சின்களில் காமன் ரெயில் என்ற பொதுக் குழாயில் எரிபொருள் 1,600 பார், அதற்கும் மேலான அழுத்தத்தில் நிற்கிறது. அந்த அழுத்தத்தை அளக்கும் சென்சாருக்கும் எஞ்சின் கம்ப்யூட்டருக்கும் நடுவில் பாக்ஸ் உட்கார்ந்துகொண்டு, இருப்பதைவிடக் குறைவாக இருப்பதாகச் சொல்லும். கம்ப்யூட்டர் அதை நம்பி அழுத்தத்தை ஏற்றும். ஒவ்வொரு முறை தெளிக்கும்போதும் டீசல் அதிகமாக இறங்கும். திறன் கூடுவது உண்மைதான். ஆனால் எஞ்சினைக் காப்பாற்ற வேண்டிய கம்ப்யூட்டர் பொய்யான எண்ணை வைத்துக்கொண்டு காப்பாற்றப் பார்க்கிறது. விலை கொஞ்சம் கூடின பாக்ஸ்கள் டர்போ அழுத்தத்தின் சென்சாரிலும் தலையிட்டுக் காற்றையும் சேர்த்துக் கூட்டுகின்றன, அவை பரவாயில்லை.

எனக்கு இதைவிடப் பெரிய ஆட்சேபணை உப்பு. பாக்ஸ் மாட்டுவது என்றால் எஞ்சின் அறைக்குள் புதிதாக இரண்டு மூன்று பிளக் சேர்ப்பது. கம்பெனி பிளக்குகளே இங்கே பச்சை பிடிக்கின்றன. தங்கச்சிமடத்து நண்பர் ஒருவர் மாட்டிய ஏழாவது மாதம், மண்டபத்தைத் தாண்டிப் பாலத்தில் ஏறும்போது எஞ்சின் விளக்கு எரிந்து வண்டி தவழத் தொடங்கியது. பாலத்தில் ஒதுங்கி நிற்க இடம் ஏது? பின்னால் சுற்றுலாப் பேருந்துகள் ஹாரன் அடிக்க, இருபது வேகத்தில் இறங்கி வந்து சேர்ந்தார். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் ஒரு பின்னே கரைந்திருந்தது. கழற்றிவிட்டால் அடையாளமே தெரியாது, உத்தரவாதம் தப்பிக்கும் என்று விற்பவர்கள் சொல்வதையும் நான் ஏற்கமாட்டேன். அது கம்பெனியிடம் மறைப்பது. அதை நம்பி ஒரு முடிவெடுக்க வேண்டாம்.

ரீமேப்

டியூனிங் என்று சொல்லத் தகுந்தது இதுதான் என்பது என் கட்சி. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் மூல ஃபைலைப் படித்து எடுத்து, அதிலுள்ள அட்டவணைகளை மாற்றி, மறுபடி எழுதுகிறார்கள். எந்த வேகத்தில் எவ்வளவு இழுவை கேட்கலாம், எவ்வளவு டீசல், டர்போ எவ்வளவு ஏற்றலாம், புகை வராமல் இருக்க எந்த இடத்தில் டீசலை நிறுத்த வேண்டும் என்று எல்லாமே அங்கே எண்களாக இருக்கின்றன. பாக்ஸ் மாதிரி ஒரு சென்சாரிடம் பொய் சொல்லும் வேலை இல்லை. கம்ப்யூட்டருக்கு உண்மை தெரியும், காப்பு எல்லைகளும் வேலை செய்யும், புதிய பிளக்கும் சேராது. டர்போ டீசலில் 20 முதல் 25 சதவீதம் வரை கூடும். நாங்கள் கேட்ட இடங்களில் 20,000-லிருந்து 35,000 வரை சொன்னார்கள்.

"அதே எஞ்சின்தான், கம்பெனிக்காரன் சாஃப்ட்வேர்ல அமுக்கி வெச்சிருக்கான்" என்று டீக்கடையில் சொல்வதில் கொஞ்சம் உண்மை உண்டு. மறைமலைநகரில் தயாரான ஈக்கோஸ்போர்ட் 2013-இல் வந்தபோது 1.5 டீசலுக்கு 91 பி.எஸ்., 2015-இல் அதே 1,498 சிசி எஞ்சினுக்கு 100 பி.எஸ். ஆனால் எல்லா வண்டிக்கும் இது பொருந்தாது. ஸ்விஃப்டில் 75 பி.எஸ். கொடுத்த 1.3 டீசல் எர்டிகாவில் 90 கொடுத்தது. அதற்குக் காரணம் சாஃப்ட்வேர் மட்டும் இல்லை, தேவைக்கேற்பத் தன் இறக்கைகளைத் திருப்பிக்கொள்ளும் வேறு வகை டர்போ அது. சின்ன டர்போ உள்ள ஸ்விஃப்டிடம் போய் எர்டிகாவின் எண்ணைக் கேட்டால் அது சூட்டில்தான் பதில் சொல்லும்.

கம்பெனி விட்டுவைக்கும் அந்த இடைவெளி சும்மா இருப்பதில்லை. மோசமான டீசல், நாற்பது டிகிரி வெயில், தள்ளிப்போட்ட சர்வீஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்து வைத்த சேமிப்பு அது. ரீமேப் அந்தச் சேமிப்பிலிருந்துதான் எடுக்கிறது. உப்பு ஏற்கெனவே இன்டர்கூலரில் பாதியைத் தின்றிருந்தால் எடுக்க மிச்சம் கம்மி. அதனால்தான் மீட்பு முதலில் என்று அடித்துச் சொல்கிறேன்.

நல்ல இடம் எது என்று பார்க்க நான் வைத்த அளவுகோல் டைனோ. வண்டியை உருளை மேல் ஏற்றி, சக்கரத்தில் எவ்வளவு திறன் வருகிறது என்று முதலில் ஒருமுறை அளக்க வேண்டும், எழுதிய பிறகு மறுபடி அளக்க வேண்டும். இரண்டு தாளையும் கையில் கொடுக்க வேண்டும். மூல ஃபைலின் பிரதியையும் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். மடிக்கணினியோடு வீட்டுக்கே வந்து இருபது நிமிடத்தில் எழுதிவிட்டுப் போகிறேன் என்றவர், எங்கள் வண்டி ஆரோக்கியமாக இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எந்த வண்டிக்கோ செய்த ஃபைலை நம் வண்டிக்குள் ஊற்றுவது அது. நம் கரையிலிருந்து இதற்காகக் கோவை அல்லது பெங்களூரு வரை போவதில் தப்பில்லை. கார் பந்தய வீரர் நரேன் கார்த்திகேயனைக் கொடுத்த ஊர், செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடம் இருக்கும் ஊர் கோவை. பந்தய எஞ்சின்களைத் தொட்டுப் பழகிய கைகள் அங்கே உண்டு.

கிளட்சைக் கணக்கில் சேர்க்காமல் யாரும் பட்ஜெட் போட வேண்டாம். கூடுவது குதிரைத்திறன் என்று சொன்னாலும், டீசலில் முதலில் கூடுவது கீழ்ச்சுற்று இழுவை. எண்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிய கிளட்ச், 205 நியூட்டன் மீட்டர் இழுவையைப் பிடிக்கும், 250-ஐ வழுக்கவிடும். கிளட்ச் செட், கூலி சேர்த்து இன்னொரு இருபதாயிரம். டயரும் பிரேக்கும் பழசாக இருந்தால் அதற்குத்தான் முதல் பணம்.

சட்டம்

இதை மறைத்துவிட்டு எழுத எனக்கு மனமில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று உரிமையாளர் மேல் பொறுப்பு வைத்தார்கள். சாஃப்ட்வேர் கண்ணுக்குத் தெரியாது என்பதால் யாரும் பிடிக்கமாட்டார்கள் என்று சொல்வார்கள். சாலையில் பிடிக்காமல் இருக்கலாம். பெரிய விபத்து ஒன்று நடந்து, இன்சூரன்ஸ் கம்பெனி வண்டியைக் குடையும்போது தெரியவரும். சொல்லாமல் செய்த மாற்றம் என்று இழப்பீட்டை மறுக்க அவர்களுக்கு அதுவே வழியாகிவிடும். எழுத்தில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். கேட்கத் தயக்கமாக இருந்தால் செய்யவே வேண்டாம். புகை வடிகட்டியையோ கேட்டலிட்டிக் கன்வர்ட்டரையோ எடுத்துவிடச் சொல்லும் இடத்தில் ஒரு நிமிடம்கூட நிற்காதீர்கள்.

மற்ற இரண்டு வழிகள்

பெரிய டர்போ, பெரிய இன்டர்கூலர், புது எக்ஸாஸ்ட் என்று இரும்பையே மாற்றும் வழி பந்தயக்காரர்களுக்கு. அதில் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

டர்போ இல்லாத பெட்ரோல் கார் வைத்திருப்பவர்கள் ரீமேப்புக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். உள்ளே போகும் காற்றைக் கூட்ட வழியில்லாத எஞ்சினில் ஐந்தாறு சதவீதத்துக்கு மேல் வராது, காலுக்குத் தெரியாது. அவர்களுக்குத் திறன் வேண்டும் என்றால் காரை மாற்றுவதுதான் வழி. டைகுனில் 1.0 டர்போ பெட்ரோல் 115 பி.எஸ்., 178 நியூட்டன் மீட்டர் கொடுக்கிறது, நெக்ஸானின் 1.2 டர்போ 120 கொடுக்கிறது. உத்தரவாதமும் சட்டமும் இன்சூரன்ஸும் கூடவே வருகின்றன. செலவு லட்சக்கணக்கில் என்பது மட்டும்தான் குறை.

எங்கள் இருவரின் முடிவு

என் காரை நான் ரீமேப் செய்யவில்லை. ஃபோர்டு 2021-இல் இங்கே உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. டர்போவுக்கோ பம்புக்கோ ஒன்று ஆனால் பாகம் தேடி அலைய வேண்டிய பத்து வயது வண்டியின் சேமிப்பில் கைவைக்க எனக்குத் துணிவில்லை. ஏழு வினாடி திரும்பக் கிடைத்துவிட்டது, நான்குவழிச் சாலையும் வரப்போகிறது. ஒதுக்கிய பணத்தில் நாலு டயரும் முன் பிரேக் டிஸ்க்கும் மாற்றினேன்.

மைத்துனனுக்கு ரீமேப்தான் சரி என்று நானே சொன்னேன். அவன் சாலை அகலமாகப் போவதில்லை, இறால் பெட்டியின் ஐஸ் காத்திருக்காது, வென்டோ எஞ்சினும் நல்ல நிலையில் இருக்கிறது. பாயிடம் விட்டு ஹோஸ் முதல் எர்த் வயர் வரை பார்த்தாகிவிட்டது, கிளட்ச் புதுசு, இன்சூரன்ஸுக்குக் கடிதம் போயிருக்கிறது.

"மச்சான், நூத்திநாப்பது வரைக்கும் ஏத்தலாம்னு சொல்றாங்களே" என்று நேற்று இரவு போனில் கேட்டான்.

"நூத்தியிருபத்தஞ்சோட நிறுத்தச் சொல்லு மாப்ள. இன்சூரன்ஸ்காரங்க பதில் வராம ஃபைலத் தொட விடாத."

பதில் வந்ததும், ஒரு சனிக்கிழமை விடிகாலை நாலு மணிக்கு இரண்டு வண்டியிலும் கோவைக்குக் கிளம்புகிறோம். அவன் வண்டியில் எழுதுவதற்கு முன்னும் பின்னும் டைனோவில் ஒவ்வொரு ஓட்டம். என் வண்டிக்கு ஒரே ஓட்டம், ஃபைலைத் தொடாமல். கம்பெனி கொடுத்த நூறில் இந்தக் கடற்காற்று எவ்வளவை விட்டுவைத்திருக்கிறது என்று அந்தத் தாளில் பார்த்துவிட்டு வரப்போகிறேன்.